பெருந்தாடையும் ஒரு கல்லும்

மனிதருக்கு உறவாயிருந்து அழிந்துபோன ஓர் உயிரின் உச்சந்தலையில் எலும்பு முகடாய் எழுந்திருந்தது. அதைப் பற்றிப் பிடித்திருந்த தசைகள் பெருந்தாடையை இழுக்க, பொழுதெல்லாம் கோரைப்புல் அரைபட்டது. ஓராண்டு மழை பொய்த்தது, புல் அருகியது.

“தாடையண்ணே,” என்றது கை, “பக்கத்தில் திரியும் அந்தச் சின்னத்தாடைக்காரர்கள் கல்லால் எலும்பை உடைத்து மஜ்ஜையைத் தின்கிறார்கள். நானும் ஒரு கல் எடுக்கட்டுமா?”

“எடு தம்பி. மென்று மென்று அலுத்துவிட்டேன்,” என்றது தாடை.

முகடு சிரித்தது. “பல்லில் வலுவற்றவனுக்குத்தான் கல். நீங்கள் கல்லெடுத்தால் நான் எதற்கு, வெறும் கொண்டையா?”

வாதாடத் தெம்பின்றித் தாடை மறுபடியும் புல்லுக்கே திறந்தது. கை காய்ந்த கோரையையே பிடுங்கிக் கொடுத்தது.

கடைசித் தூரும் தீர்ந்தது.

“சரி, கல்லை எடு,” என்றது முகடு, தணிந்த குரலில்.

கை நீண்டு கல்லைத் தொட்டது. தூக்க அதனிடம் வலுவில்லை.