ஆறாவது கோடு

"அந்தத் தலையணையைக் கொஞ்சம் கசக்குங்க. யாருமே தலை வைக்காத மாதிரி இருக்கு."

கணவன் தலையணைக்கு ஒரு குத்து விட்டான். அதில் திருப்தியில்லாமல் அவளே வந்து, நடுவில் பள்ளம் விழும்படி அமுக்கி, தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அதன்மேல் போட்டாள்.

பெரிய ஓட்டல் ஒன்றில் பதினெட்டு வருடம் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்குச் சூப்பர்வைசராக இருந்தவள் அவள். வீட்டிலும் கணவன் வாயில் அவளுக்கு அதுதான் பெயர். ஆள் தங்கிய அடையாளமே தெரியாமல் ஓர் அறையைத் துடைத்து வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்றைக்கு எல்லாம் தலைகீழ். ஆளே தங்காத வீட்டில் ஆள் இருக்கிற அடையாளத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

மாநகராட்சி விதி அப்படி. சொந்தக்காரர் குடியிருக்கிற வீட்டில் மிச்சமிருக்கும் அறையைத்தான் வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம். தான் வேறெங்கோ இருந்துகொண்டு முழு வீட்டையும் விட்டால் சீல் வைத்துவிடுவார்கள். இவர்கள் இருப்பதோ ஊரின் மறுகோடியில், மாமியார் வீட்டில். இந்தப் பழைய வீட்டைத் தரகர் மூலம் வாங்கிப் பத்து வருடமாகியும், யார் யாரோ குடியிருந்து காலி செய்தார்களே தவிர, இவர்கள் ஒரு நாள்கூட இங்கே படுத்ததில்லை.

ஆனால் இந்த வீட்டை நம்பித்தான் அவள் போன மாதம் வேலையை விட்டிருந்தாள். காலமெல்லாம் அடுத்தவன் ஓட்டலில் விரிப்பு மாற்றியது போதும், இனி தன் வாசலில் தன் விடுதிப் பலகையை மாட்டியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் அந்த வேலையும் இல்லை, இந்தப் பலகையும் இல்லை.

"மாட்டிக்கிட்டா என்ன பண்றது, சூப்பர்வைசர்?" என்றான் கணவன், மூன்று பல் பிரஷ்களையும் நனைத்துக் குவளையில் போட்டபடி.

"நீங்க வாயைத் திறக்காம இருங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

மேசைமேல் மகளின் பள்ளிக்கூட நோட்டு, பக்கத்தில் பாதி குடித்த டீ, குளியலறையில் தேய்ந்த சோப்பு, கட்டிலுக்கடியில் ஒற்றைச் செருப்பு. எல்லாம் காலையில் மூன்று பைகளில் வந்து இறங்கியவை.

பத்து மணிக்கு மாநகராட்சி ஆய்வாளர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, காதோரம் பேனா. வந்ததும் புகை அலாரத்தை அமுக்கி அலற வைத்தார். தீயணைக்கும் சிலிண்டரின் தேதியைப் படித்தார். அறைக்கு எத்தனை பேர், குப்பை எந்த நாளில் போகும், அக்கம்பக்கத்தில் புகார் வந்தால் யார் ஓடி வருவார்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது.

பின்பக்க அறை இருட்டாக இருந்தது. கணவன் சுவரைத் தடவித் தடவி ஸ்விட்சைத் தேட, ஆய்வாளர் கதவுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டார். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இவருக்கு ஆபீஸை விட்டா ஒண்ணும் தெரியாது மேடம். சொந்த வீட்டு ஸ்விட்சைக்கூட நான்தான் காட்டணும்" என்று அவள் சிரித்துச் சமாளித்தாள்.

பின்வாசல் கதவு அவள் இழுத்த இழுப்புக்கு வரவில்லை. அதையும் ஆய்வாளர்தான் கைப்பிடியை லேசாகத் தூக்கித் திறந்தார். ஆயிரம் வீடு பார்த்த கை என்று சூப்பர்வைசர் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

சமையலறை வாசலில் ஆய்வாளர் நின்றுவிட்டார். கதவு நிலையில் கீழிருந்து மேலாக எட்டுப் பென்சில் கோடுகள். வீட்டை வாங்கும்போதே இருந்தவை. பெயின்ட் அடித்தபோது, பார்க்க அழகாக இருக்கிறதென்று அவள்தான் அதைத் தொடவேண்டாம் என்றிருந்தாள். அது இப்படிக் கை கொடுக்கும் என்று யார் கண்டார்கள்?

"இது யாரோடது?"

"என் பொண்ணோடது மேடம். வருஷத்துக்கு ஒரு தடவை இங்க நிக்க வெச்சு உசரம் அளந்து கோடு போடுவேன்."

"ஆறாவது மட்டும் ஏன் கோணலா இருக்கு?"

அவள் இமைகூட அசையவில்லை. "அந்த வருஷம் குதிகாலைத் தூக்கி உசரமா நின்னுட்டா, திருடி. கோடு போடறப்பவே கண்டுபிடிச்சுத் தலையைப் பிடிச்சு அமுக்கினேன். அதான் சரிஞ்சுபோச்சு."

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கோட்டை விரலால் ஒருமுறை தடவினார். வேலை முடிந்தது என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது. பலகையை வாசலின் எந்தப் பக்கம் மாட்டலாம் என்றுகூட யோசித்துவிட்டாள்.

ஆய்வாளர் நின்றபடியே எழுதி, தாளைக் கிழித்து நீட்டினார். உரிமையாளர் இங்கே குடியிருக்கவில்லை, அனுமதி மறுக்கப்படுகிறது என்றிருந்தது.

கணவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவள் விடுவதாக இல்லை. ஈரமான பிரஷ்ஷைக் காட்டினாள், தேய்ந்த சோப்பைக் காட்டினாள், தலையணையில் கிடந்த முடியைக்கூடக் காட்டினாள். மேலதிகாரியிடம் போவேன், கோர்ட்டுக்கும் போவேன் என்றாள்.

"எதுல குறை கண்டீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம், பேசாம பையைத் தூக்கிட்டுப் போயிடறேன்."

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லைம்மா. நிஜமாவே குடி வந்துட்டு மறுபடி எழுதிப் போடுங்க, நானே வந்து கையெழுத்துப் போடறேன்" என்ற ஆய்வாளர், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அந்தக் கதவு நிலையை இன்னொரு தடவை பார்த்தார்.

"ஆனா அந்த வருஷம் நான் குதிகாலைத் தூக்கல. எங்கம்மாதான் கண்ணாடி போட மறந்துட்டாங்க."