எலும்பு நகராது

நடுவர் லொரேன் கையை உயர்த்தித் துப்பாக்கி சுடும் போட்டியை நிறுத்தியபோது, நெவிலின் இடுப்பெலும்பைக் காணவில்லை.

அது இருந்தாக வேண்டும். விதி அப்படி. பெல்ட்டில் மாட்டிய, தோட்டா அடைத்த மேகசின்களுக்கான பைகள் எல்லாம் இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பின்னால்தான் இருக்கலாம். ஒரு பை முன்னால் வந்தாலும் ஆளைத் தூக்கி ஓபன் பிரிவில் போட்டுவிடுவார்கள்.

ஓபன்காரர்களின் பிஸ்டலில் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி இருக்கும். குழல் துள்ளாமல் இருக்க முனையில் காற்றுத் துளைகள் இருக்கும். நெவிலின் பிஸ்டலில் நெவிலின் வியர்வை மட்டும் இருந்தது.

அவர் சுடுவது புரொடக்‌ஷன் பிரிவில். கடையில் வாங்கியது வாங்கியபடி. அதில் வயதானவர்கள் வரிசையில் மதியம் வரை அவர்தான் முதல். இது கடைசிச் சுற்று. இதைச் சொதப்பாமல் முடித்தால் குயின்ஸ்லாந்து அணியில் இடம், தேசியப் போட்டிக்காகப் பெர்த்துக்குப் பயணம்.

மரூன் நிற அணிச் சட்டையை அவர் முன்கூட்டியே வாங்கிவிட்டார். ஓர் அளவு பெரியதாக. துவைத்தால் சுருங்கும் என்று கடைக்காரரிடம் காரணம் சொல்லியிருந்தார்.

காலையிலிருந்து இரண்டு நடுவர்கள் அவரைக் குனிந்து பார்த்தார்கள். பெல்ட்டின் மேல் வயிறு கவிந்திருந்தது. எலும்பு உள்ளே எங்காவது இருக்கும் என்று நல்லெண்ணத்தில் விட்டுவிட்டார்கள்.

இந்த முறை தப்பு அவருடையதுதான். தயாராகச் சொல்லிக் கட்டளை வந்ததும் பிஸ்டலில் மேகசினைச் செருகி உறையில் வைத்தார். பிறகு பழக்கதோஷத்தில் முதல் பையைப் பெருவிரலால் கொஞ்சம் முன்னால் தள்ளினார். வயிற்றைச் சுற்றிக்கொண்டு கை போய்ச் சேர நேரமாகிறது. அந்தக் கட்டளைக்குப் பிறகு செய்தது செய்ததுதான். திருத்திக்கொள்ள முடியாது.

“ரெண்டு கையயும் தூக்குங்க, ஷூட்டர்.”

பிடிபட்ட திருடனைப் போல நெவில் கைகளைத் தூக்கினார். சட்டையும் கூடவே தூக்கிக்கொண்டது. மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்ட வழியில்லை. குண்டு தடுக்கும் மண்மேட்டில் இருந்த இளஞ்சிவப்புக் கிளிகள்கூடத் தன்னையே பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது.

பின்னால் நின்ற கூட்டம் சும்மா இருக்குமா. அந்த எலும்பைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று ஒருவன் விசாரித்தான். போலீஸில் காணவில்லை என்று எழுதிக் கொடுக்கலாம் என்றான் இன்னொருவன். இரண்டாம் இடத்தில் இருந்த கிழவர் டாரில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“கெடச்சா, அப்படியே என் முழங்காலயும் தேடிப் பாருங்க.”

நெவிலால் சிரிக்க முடியவில்லை. போன வருடம் இதே டாரிலை, இதே விதியைக் காட்டி, ஓபனுக்கு அனுப்பவைத்தவர் அவர். தொப்பைக்காரர்களுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே என்று கிளப் கூட்டத்தில் யாரோ சொன்னபோது எழுந்து நின்று, வயிறு வளரலாம், எலும்பு நகராது என்று முழங்கியவரும் அவரே. கைதட்டல்கூட வாங்கினார்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவ்வளவு குறி பார்த்துச் சுடும் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, எலும்பு கிடைக்காமல் போவது. மற்ற நடுவர்களைப் போல லொரேனும் எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டால் பெர்த். நெவில் மூச்சை முழுதாக வெளியே விட்டு, வயிற்றைத் தாராளமாகத் தளரவிட்டார். மதியம் தின்ற சாசேஜுகள் உள்ளிருந்து ஒத்துழைத்தன. இத்தனை வருடம் சோறு போட்டு வளர்த்ததற்கு முதல்முறையாக அது உதவப்போகிறது.

லொரேன் குனியவில்லை. தேடவும் இல்லை. மதிப்பெண் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலை நீட்டிச் சதைக்குள் ஓரிடத்தில் அழுத்தினார்.

விரல் நேராக எலும்பில் போய் முட்டியது.

பை அதற்கு இரண்டு விரற்கடை முன்னால் இருந்தது.

அத்தனை சதையில் ஒரே குத்தில் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கூட்டத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நெவிலுக்கு அதுதான் கூடுதல் கூச்சமாக இருந்தது.

ஓபன் என்று லொரேன் பலகையில் எழுதினார். மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு என்பதையும் விதிப்படி சொன்னார். நெவில் வேண்டாமென்று தலையசைத்தார். விட்டுவிடுங்கள், எனக்கொன்றும் இல்லை என்று டாரில் முணுமுணுத்தார். லொரேன் காதில் அது விழவில்லை. காதுமூடி போட்டிருந்தார்.

பஸர் ஒலித்தது.

நெவில் தன் ஆயுளிலேயே நன்றாகச் சுட்டது அப்போதுதான். அட்டைகளில் நட்டநடுவே துளைகள். எஃகுத் தட்டுகள் ஒன்று பாக்கியில்லாமல் விழுந்தன. மேகசின் மாற்றக் கை தடுமாறாமல் பைக்குப் போனது. பை முன்னால் இருந்ததே.

ஓபன் கணக்கில் அதற்குக் கடைசிக்கு முந்தைய இடம்.

பிஸ்டலைக் காலி செய்து காட்டினார். லொரேன் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். உறையில் போடச் சொன்னார். களம் பாதுகாப்பானது என்று உரக்க அறிவித்தார்.

பிறகு காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கார்ச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

“நான் ஓட்டறேன், நெவ். நீ அந்த பெல்ட்டக் கழட்டிட்டு மூச்சு விடு.”

நெவில் சாவியைக் கொடுத்தார்.

காலையில் படுக்கையறைக் கண்ணாடி முன்னால் அவர் பெல்ட் மாட்டும்போதே அவள் சொன்னாள், அந்தப் பையை முன்னால் தள்ளுகிற பழக்கத்தை விடு என்று.

களத்தில்தான் நீ நடுவர், இங்கே இல்லை என்று அவர் பதில் சொல்லியிருந்தார்.