கடைசிப் பக்கம்

"கடைசிப் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்றியாம்மா?"

ஜெராக்ஸ் அக்காவின் கை இயந்திரத்தின் மூடி மேலேயே நின்றுவிட்டது. கேட்ட அம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது இருக்கும். துவைத்துத் துவைத்து வெளுத்த கைத்தறிப் புடவை, தோளில் ஒரு துணிப்பை.

கடை போட்ட பதினேழு வருடத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும். விவாகரத்து மனு, ஸ்கேன் ரிப்போர்ட், ஃபெயிலான மார்க் ஷீட், வேலையை விட்டு நிறுத்திய கடிதம் என்று ஊர் மானமெல்லாம் அவள் கண்ணாடித் தட்டில் குப்புறப் படுத்து எழுந்து போகும்.

அவள் எதையும் படிப்பதில்லை. தாள் கோணாமல் இருக்கிறதா, மை ஒழுங்காக விழுந்திருக்கிறதா, அவ்வளவுதான். வரிசையில் யாராவது கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தால், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேலே போடுவாள். வாயைத் திறக்க மாட்டாள். நீண்ட கழுத்து தானாக உள்ளே போய்விடும்.

மறுநாள் காய்கறிக் கடையில் எதிர்ப்படும்போது அந்த மனிதர்கள் அவளைப் பார்த்துக் கூசாமல் சிரிக்க வேண்டும். அதற்காகத்தான்.

கூட யாரும் வரவில்லையா என்று அந்த அம்மாவிடம் கேட்டாள். தம்பி வந்திருப்பதாகச் சொல்லி அந்த அம்மா வாசலைக் காட்டினார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் வண்டியில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் அவரையே வாசிக்கச் சொல்லலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

பாவம், எழுத்து தெரியாது போல.

பின்னால் வரிசை ஐந்து பேராகியிருந்தது. ஆபீஸ் மூடுவதற்குள் மனுக் கொடுக்க வேண்டிய ஒருவர் கைக்கடிகாரத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

தாளைத் திருப்பினாள். மொத்தமே நாலைந்து வரிதான்.

அப்பா கட்டிய வீட்டில் தனக்குள்ள பங்கு முழுவதையும் மனப்பூர்வமாகத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாகவும், கையெழுத்திட்ட முப்பது நாளுக்குள் தான் குடியிருக்கும் அறையைக் காலி செய்வதாகவும், அதன்பிறகு எந்தக் காலத்திலும் எந்த உரிமையும் கோரப்போவதில்லை என்றும் எழுதியிருந்தது. கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.



அதற்குள் தம்பி உள்ளே வந்துவிட்டார். "இன்னும் என்னக்கா? எல்லாம் பேசி முடிச்சதுதானே" என்றவர், தாள் இவள் கையில் நிமிர்ந்து இருப்பதைக் கவனித்தார். "நீங்க ஒண்ணும் படிக்க வேணாம்மா. காப்பி மட்டும் போடுங்க."

பதினேழு வருடமாக அவள் தனக்குத்தானே சொல்லி வந்ததும் அதைத்தான். இன்னொருவர் வாயால் கேட்டபோது சுருக்கென்றது.

அடங்கிய குரலில் வாசிக்கத் தொடங்கினாள்.

அந்த அம்மா காதோரம் கையைக் குவித்தார். "சத்தமா, கண்ணு."

சத்தமாகவே வாசித்தாள். முப்பது நாள் என்ற இடத்தில் குரல் தடுக்கியது. நிறுத்தி, அந்த வரியை முதலிலிருந்து மறுபடி வாசித்தாள்.

 கடிகாரக்காரர் கடிகாரத்தை மறந்துவிட்டார். கல்லூரிப் பெண் ஒருத்தி அந்தத் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். 

தம்பி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அதில் யாரும் இல்லை.

வக்கீல்கள் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார். பிறகு, வரிசை இன்னும் தன்னையே பார்ப்பது தெரிந்து, இருக்கிற வரைக்கும் அந்த அறை அக்காவுக்குத்தான், அதை யார் கேட்டார்கள் என்றார்.

அப்படியானால் அதையும் எழுதி எடுத்து வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை. தாள்களை நிதானமாக மடித்துப் பையில் வைத்தார். நடந்தே வந்துகொள்வதாகச் சொன்னார்.  தம்பி வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

 ஜெராக்ஸ் அக்காவுக்கு, கட்டிக் காத்ததையெல்லாம் ஒரே நிமிடத்தில் நடுத்தெருவில் போட்டு உடைத்தது போலிருந்தது. இனி இவள் கடைக்கு யார் நம்பி வருவார்கள்?

அந்த அம்மா படியிறங்கும்போது எதிரே போக்குவரத்துக் காவலர் ஏறி வந்தார். நாற்சந்தியில் லாரிக்காரர்களையே குலை நடுங்க வைக்கிற ஆள். சட்டென்று சுவரோடு ஒதுங்கி, தொப்பியைக் கழற்றி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மா அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். தெரு திரும்பும் வரை அவர் அசையவில்லை.

தெரிந்தவர்களா என்று ஜெராக்ஸ் அக்கா கேட்டாள்.

"எங்க ரெண்டாங்கிளாஸ் டீச்சர்க்கா. நான் எழுத்துக்கூட்டிப் படிச்சதே அவங்ககிட்டதான்." காவலர் தொப்பியைத் துடைத்தார். "கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்னு நிக்க வெச்சு வாசிக்கச் சொல்லுவாங்க."