பின் கதவுக் கைப்பிடி

"வாங்கினதுலேர்ந்து அடுப்பு மாதிரி கொதிக்குதுண்ணே," என்றாள் பழைய காரைக் கொண்டுவந்தவள்.

மெக்கானிக் ரேடியேட்டர், ஃபேன், பம்ப் எல்லாம் பார்த்துவிட்டார். ஒழுகலும் இல்லை, அடைப்பும் இல்லை.

"கோளாறு தெரியாத வண்டிதாம்மா உயிரை வாங்கும்."

இன்ஜின் ஆறியபின், சாவியை மட்டும் திருப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். சூடு காட்டும் முள் ஏறியது. பின் கதவைத் திறந்தால் இறங்கியது. மூடினால் மறுபடி ஏறியது.

அந்தக் கதவில் மட்டும் கண்ணாடி இறக்கும் கைப்பிடி இல்லை.

"வித்தவங்க கழட்டிட்டாங்களாம். குழந்தை திருகிக்கிட்டே இருக்குமாம்."

"குழந்தையைப் பாத்தீங்களாம்மா?"

"இல்லண்ணே. அந்த வீட்ல யாரும் பேசற நிலைமையில இல்ல."

மெக்கானிக் பழைய கைப்பிடி ஒன்றைத் தேடி மாட்டினார்.

அவள் தனியாகத்தான் கிளம்பினாள். கேட்டைத் தாண்டும்போது அந்தக் கதவின் கண்ணாடி மெதுவாக, விட்டு விட்டு, இறங்கியது.