மூன்றில் திறக்க வேண்டியது

12.11.2024, செவ்வாய்க்கிழமை. காலை 10.40. தூறல்.

அழுத்தமானியின் முள் இரண்டைத் தாண்டியது.

அவள் கை நீராவிக் குழாயின் திருகில் இருந்தது. எதிரே அரசுக் கொதிகலன் ஆய்வாளர். அவருக்குப் பின்னால், ஆலையை நடத்தும் விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் மாசிலாமணி. நடுவே, எண்ணெய்ப்பனைக் குலைகளை அவிக்கும் இரும்பு உருளை.

முள் மூன்றைத் தொட்டதும், உச்சியில் உள்ள பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து நீராவியை வெளியேற்ற வேண்டும். திறந்தால் அனுமதி. திறக்காவிட்டால் உருளையை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள்.

கொட்டகையின் ஓரத்தில் நேற்று வெட்டிய குலைகள் குவிந்திருந்தன. மாலைக்குள் அவிக்காவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். அவற்றுள் பதினாறு குலைகள் அவள் கொல்லையில் விளைந்தவை. முதல் வெட்டு.

ஆறு ஆண்டுகள் இங்கே குலை சுமந்தவள். தேர்வு எழுதி, உருளையை இயக்கும் பொறுப்பைப் பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன.

இரண்டரை.

உருளை பளபளத்தது. நேற்று மாலை அவள்தான் அதற்கு வெள்ளிப் பெயிண்ட் பூசினாள். மாசிலாமணி கீழே நின்று கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு எடம் விடாம அடிம்மா. ஆபீசர் வர்றாரு. மாப்ள கணக்கா நிக்கணும்."

அவள் ஓர் இடமும் விடவில்லை.

மூன்று.

வால்வு அசையவில்லை.

மூன்று புள்ளி ஒன்று.

ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அழுத்தமானியை நோக்கிக் குனிந்தார்.

அவள் மேலே பார்த்தாள். வால்வின் தண்டு, தண்டு ஏறி இறங்கும் துளை, இரண்டுக்கும் இடையே இருந்தாக வேண்டிய மயிரிழை இடைவெளி. எல்லாம் ஒரே வெள்ளி.

மூன்று புள்ளி மூன்று.

மாசிலாமணி கம்பி ஒன்றை எடுத்தார். "லேசா ஒரு தட்டு தட்டுனா..."

அவள் திருகை மூடினாள்.

"சார், தள்ளிப் போங்க! அது தொறக்காது. பெயிண்டு புடிச்சிருக்கு."

ஆய்வாளர் மூன்றடி பின்னால் சென்றார். கம்பி கீழே விழுந்தது. அவள் நகரவில்லை. நீராவியை வெளியேவிடும் கழிவுக்குழாயைச் சிறிது சிறிதாகத் திறந்தாள். முள் இறங்கத் தொடங்கியது.

உருளை ஆறியபின் வால்வை அவளே கழற்றினாள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினாள். மீண்டும் பொருத்தினாள்.

மதியம் 1.25. மறுசோதனை.

மூன்றில் திறந்தது. பீறிட்ட நீராவியில் கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. வாசலில் காத்திருந்த விவசாயிகளுள் ஒருவர் கை தட்டினார்.

ஆய்வாளர் மேசையில் படிவத்தை விரித்தார்.

"வால்வுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது யாரு?"

அவள் மாசிலாமணியைப் பார்த்தாள்.

மாசிலாமணி குலைகளைப் பார்த்தார்.

தூறல் நின்றிருந்தது.

"சரி. அடிச்சது யாரு?"

"கு. செங்கமலம் சார்" என்றார் மாசிலாமணி. "கு, கும்பகோணத்துக்கு வர்ற கு."

பேனா நெடுநேரம் ஓடியது. ஒரு பத்தி. சற்று நிறுத்தம். இன்னொரு பத்தி. கையொப்பம். முத்திரை.

மாசிலாமணி தாளை வாங்கி நின்றபடியே படித்தார். முதல் பத்தியில் முகம் தெளிந்தது. வாசலை நோக்கிக் கை உயர்த்தி, "ஏத்துங்கய்யா!" என்றார். குலைகள் உருளைக்குள் விழத் தொடங்கின. முதலில் கையில் அகப்பட்டவை அவளுடையவை.

பிறகு இரண்டாம் பத்தியைப் படித்தார். அது இரண்டே வரி: வால்வுக்குப் பெயிண்ட் பூசிய கு. செங்கமலத்தை உருளை இயக்கும் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும்.

அவள் திருகின் அருகே, கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க வாம்மா" என்றார்.

அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டினார்.