கூலன்ட்டின் ருசி

நடுவழியில் சூடேறி நின்றுபோன எலக்ட்ரிக் காருக்கு அடியில் மெக்கானிக் சூசை மல்லாந்து நுழைந்தான். பின்பக்கம் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த வண்டியில் பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட் சிவப்புதான். விஷம் என்று பெண்டாட்டி எவ்வளவு திட்டியும் விடாத பழக்கத்தில், ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். கூலன்ட் இனிக்கும். இது உப்புக் கரித்தது. வெதுவெதுப்பாக அடுத்த சொட்டு கன்னத்தில் விழுந்தபோது, டிக்கிக்குள்ளிருந்து யாரோ லேசாக இரண்டு முறை தட்டினார்கள். கார்க்காரனின் ஷூக்கள் முகத்தருகே வந்து நின்றன. கூடவே ஓர் இரும்புக் கம்பியின் நுனி தரையில் ஊன்றியது. அதில் நீளமான முடி ஒட்டியிருந்தது.

“என்னய்யா, கூலன்ட் லீக்குதானே?”

“ஆமா சார், கூலன்ட்தான்” என்ற சூசை, ஸ்பேனரை இறுக்கிப் பிடித்து, மேலிருந்த டிக்கியின் அடித்தகட்டை அதேபோல் லேசாக இரண்டு முறை தட்டினான்.