அத்தையின் பேர் சொல்ல

ஆய்வகத்திலிருந்து வந்த மருமகள், செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "ஓடையில நான் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சேன் அத்தை. அதுக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கேன்."

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்க்க எப்படி இருக்கும்?"

"மெலிசா, நீளமா."

"என்னை மாதிரியே!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் செய்தித்தாளோடு வந்து நின்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "உங்க பேர்ல இருக்கறது பூவும் இல்ல, மீனும் இல்ல. கிருமி! எந்த ஆன்டிபயாடிக்குக்கும் சாகாதாம்!"

மருமகள் அவசரமாகச் செய்தித்தாளை வாங்கி மடித்தாள். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை ஓடையில் கொட்டி, அங்கிருக்கும் கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடும் மாமியார்மீது இருந்த கடுப்பில் வைத்த பேர் அது.

"நிஜமாவா? எந்த மருந்தாலயும் அழிக்க முடியாதா?" என்றாள் மாமியார்.

"முடியாது அத்தை."

மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகத் திரும்பினாள்.

"கேட்டியா? என் பேரு என்னைக்கும் நிலைச்சு நிக்கும்!"